விளைஞ்சும் பசி ஏன்?

விளைச்சல் குறைஞ்சா பஞ்சம். உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்ச கணக்கு இவ்வளவுதான். இப்போ எத்தியோப்பியாவைப் பாருங்க. 2000-களின் தொடக்கத்தில் அங்கே மக்காச்சோளம் அமோகமா விளைஞ்சது, விலை தரைக்கு வந்தது. அறுவடைக் கூலிகூடக் கட்டாதுன்னு கதிரை வயலிலேயே விட்டவங்களும் உண்டு. அடுத்து மழை பொய்த்தது. 2003-ல் ஒரு கோடிக்கும் அதிகமானவர்களுக்கு உணவு உதவி தேவைப்பட்டது.

மிச்சமான தானியம் ஏன் தேவைப்பட்ட ஊருக்கும் தேவைப்பட்ட மாசத்துக்கும் போய்ச் சேரல? அடிஸ் அபாபாவில் பிறந்த விவசாயப் பொருளாதார ஆய்வாளர் எலெனி கப்ரே-மதின் இந்த மாதிரி கேள்வியை அதுக்கு முன்னாடியே எடுத்துட்டார். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்தது விதையையோ மண்ணையோ இல்ல, தானியச் சந்தையையும் அதிலுள்ள தரகர்களையும்.

தரகர்னா நடுவுல நின்னு காசு பார்க்கிறவர்னு சட்டுனு சொல்லிடுவோம். ஆனா முகம் தெரியாத வியாபாரிக்கு லாரி நிறைய சரக்கு அனுப்புறீங்கன்னு வைங்க. தரம் சரியில்லன்னு அவர் சொல்லலாம், எடையைக் குறைக்கலாம், பணமே தராமப் போகலாம். கோர்ட்டுக்குப் போனா செலவு சரக்கைவிட அதிகம். அதனால வியாபாரிகள் தெரிஞ்சவங்ககூட மட்டும் பழகினாங்க. தூர ஊர்ச் சரக்கைக் கண்ணால பார்த்து, நம்பகமான ஆளைத் தேடிக் கொடுக்கிற வேலையைத் தரகர் செஞ்சார். நம்ம பாஷையில, ரெண்டு நோடுக்கு நடுவுல லிங்க் இருக்கு, அக்னாலெட்ஜ்மென்ட் இல்ல.

வாஷிங்டனில் உள்ள சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த எலெனி, பிறகு ஊர் திரும்பினார். ஏப்ரல் 2008-ல் எத்தியோப்பிய சரக்குப் பரிவர்த்தனை மையம் தொடங்கியது. சரக்கு கிடங்குக்கு வரும், எடை போட்டுத் தரம் பிரிப்பாங்க, ரசீது கொடுப்பாங்க. ஏலத்தில் கைமாறுவது அந்த ரசீதுதான். பணத்துக்கு மையமே பொறுப்பு. விலையைச் சிற்றூர்ப் பலகைகளிலும் போனிலும் விவசாயி பார்க்கலாம். எனக்குப் பிடிச்ச டிசைன் இது.

ஆனா யோசிச்சபடி ஓடல. தானியத்துக்காகத் தொடங்கினது, தானிய வியாபாரமோ பெரும்பாலும் பழைய வழியிலேயே நடந்தது. 2008 இறுதியில் காபியை இந்த மையம் வழியாத்தான் விற்கணும்னு அரசு கட்டாயமாக்கினதும் காபி முன்னால வந்தது, அப்புறம் எள். அங்கேயும் சிக்கல். தரவாரியா மூட்டைகளை ஒண்ணா அடுக்கினா எந்தத் தோட்டத்துக் காபின்னு தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் சில வெளிநாட்டு வாங்குபவர்கள் கூடுதல் விலையே கொடுத்தாங்க. நம்பிக்கைக்காகப் போட்ட தரச்சீட்டு, ஊர்ப் பேரை அழிச்சிடுச்சு. அந்த விதிகளைப் பின்னாடி தளர்த்த வேண்டியதாச்சு.