எரிசாராயம் கலந்த பெட்ரோல்

கரும்பு, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து வடிக்கப்படும் எரிசாராயம் பெட்ரோலுடன் கலக்கப்படுவதை அங்கத்தினர்கள் அறிவர். இந்தியாவில் 2003-ல் சில மாநிலங்களில் நூற்றுக்கு 5 பங்காகத் தொடங்கிய இக்கலப்பு, 2022-ல் 10 பங்கையும், 2025-ல் 20 பங்கையும் எட்டிற்று. பயிரிடுவோருக்கு இது வருவாய். அவர்களே வண்டி வைத்திருப்போருமாதலால், இதன் குணங்களையும் அறிதல் நலம்.

முதலாவது, எரிசாராயத்தின் எரிசக்தி, அதே அளவு பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கே. ஆகவே 20 பங்குக் கலப்பில் சக்தி நூற்றுக்கு ஏறத்தாழ 7 குறையும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய மோட்டார் சைக்கிள் 47 ஓடினால் அது பழுதன்று.

இரண்டாவது, இதன் ஆக்டேன் எண் உயர்ந்தது. ஆதலின் மேட்டில் ஏறுகையில் எஞ்சின் தட்டும் ஓசை குறையும்.

மூன்றாவது, இதில் பிராணவாயு அடங்கியுள்ளது. கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் எரிபொருளுக்குக் காற்று மிகுதியாகி, வேகமெடுக்கையில் எஞ்சின் தயங்கலாம். குளிர்காலையில் எளிதிற் கிளம்பாமலும் போகலாம்.

நான்காவது, எரிசாராயம் நீரை ஈர்க்கும். நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும், வண்டி நின்றுவிடும். பழைய ரப்பர் குழாய்களும் கெடும்.

ஆகவே அங்கத்தினர்கள், தம் வண்டி எவ்வளவு கலப்பிற்கு ஏற்றதென்பதைக் கையேட்டில் காண்க. தொட்டி மூடியை இறுக மூடுக. எரிபொருளை மாதக்கணக்கில் தேக்கி வையற்க. கசியும் குழாயை உடனே மாற்றுக. இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. தவிர்க்கப்படும் நஷ்டமோ பெரிது.