வீட்டுப் புல்தரைப் பராமரிப்பு: கூலி பேசுமுன் போட வேண்டிய கணக்கு

நகரங்களை ஒட்டிய கிராமங்களில் உள்ள சிறு விவசாயிகள் சிலருக்கு, வீட்டுத் தோட்டங்களில் புல்தரை பராமரிக்கும் வேலை உபரி வருமானம் தருகிறது. களையும் உரமும் அறிந்த கைகளுக்கு இது புதிய வேலையன்று. ஆனால் "மாதம் இவ்வளவு" என்று வாய்க்கு வந்தபடி கூலியைப் பேசிவிட்டு, பின்னர் நட்டப்படுவோர் உண்டு.

முதலில் புல்லின் இனத்தைப் பார்க்க வேண்டும். அருகு வகைகள் மழைக்காலத்தில் விரைந்து வளரும். வாரம் ஒருமுறை வெட்டுவது அவசியம். கொரியன் புல் மெதுவாக வளர்வதால் மாதம் இருமுறை வெட்டினாலே போதும். எனினும் அது தரையை மூடும்வரை களை மிகுந்திருக்கும். அக்காலத்திற்குக் கூலியைக் குறைத்துப் பேசலாகாது. மாமர நிழலில் அருகு எப்படியும் மெலியும். இதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லையேல் பழி பராமரிப்பவர் தலையில் விழும்.

இனி கணக்குக்கு வருவோம். 5 சென்ட் புல்தரை என்பது 2,178 சதுர அடி. நாள் கூலி ரூ.800 என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தால் வெட்டி, ஓரம் சீர்செய்து, வெட்டிய புல்லை வாரி அகற்ற அரை நாள் ஆகும். மாதம் நான்கு முறைக்கு ரூ.1,600. களையெடுக்க மாதம் ஒரு நாள், ரூ.800. பெட்ரோலுக்கும் கத்தி தீட்டவும் ரூ.150. போய்வரும் செலவு நடைக்கு ரூ.60 வீதம் ரூ.240. ரூ.15,000 மதிப்புள்ள இயந்திரம் 5 ஆண்டுகள் உழைத்தால், மாதத் தேய்மானம் ரூ.250, ஐந்து வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு ரூ.50. ஆக ரூ.2,840. மழையால் வீணாகும் நாளுக்கும் பழுதுக்கும் நூற்றுக்கு 15 சேர்த்தால் சுமார் ரூ.3,270, அதாவது சதுர அடிக்கு மாதம் ஏறத்தாழ ரூ.1.50. கூலியும் செலவும் ஊருக்கு ஊர் மாறும். அவரவர் தொகையை இதே வரிசையில் இட்டுப் பார்க்கவும். தேய்மானத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதேயில்லை. இயந்திரம் ஓய்ந்த பிறகே அது நினைவுக்கு வருகிறது.

சிறு புல்தரைக்கு இந்தச் சதுர அடி விகிதம் ஒத்துவராது. 1 சென்ட்டுக்கு இதன்படி மாதம் ரூ.650 வரும், ஒரு நடைக்கு ரூ.163. அதில் ரூ.60 வழிச்செலவுக்கே போய்விடும். மீதமுள்ள தொகை ஒரு மணி நேரக் கூலிக்குத்தான் சரியாகும். ஓர வேலையும் கூட்டி அள்ளுவதும் சேர்ந்தால் அந்நேரம் போதாது. களையெடுப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே பரப்பு எவ்வளவாயினும் ஒரு நடைக்குக் குறைந்தபட்சக் கூலி என ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒரே நாளில் முடிக்க இயலுமானால், இக்கூலியைச் சற்றுத் தளர்த்தலாம்.

ஒருமுறை வெட்டும்போது இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. "ஒட்ட வெட்டுங்கள், அடுத்த வாரம் வர வேண்டாம்" என்று சிக்கனம் பேசும் வீட்டுக்காரர்கள் உண்டு. ஒட்ட வெட்டினால் புல் வெளிறி, வெயில் படும் இடமெல்லாம் களை முளைக்கும். அவ்வகையில் மிச்சமான கூலி களையெடுப்பிலேயே போய்விடும்.

கோரை கண்ட புல்தரையை வழக்கமான கூலிக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. மேலே பிடுங்கினால் மண்ணிலுள்ள கிழங்கு மீண்டும் தழைக்கும். சிறு கொத்தினால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டியிருப்பதால், அதற்கு ஆள்கணக்கில் தனியாகப் பேசுவதே முறை.

ஆண்டுக்கு ஒருமுறை செம்மண், மணல், மக்கிய எரு கலந்து 6 மில்லிமீட்டர் கனத்திற்குப் பரப்புவதும் தனிச் செலவே. 5 சென்ட்டுக்குச் சுமார் 43 கன அடி, அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவான கலவை தேவைப்படும். பொருளை வீட்டுக்காரரே வாங்கித் தரட்டும். இறக்குவதற்கும் பரப்புவதற்கும் மட்டும் கூலி பெறலாம்.

தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பு யாருடையது என்பதையும் அன்றே பேசி முடிக்கவும். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 5 சென்ட்டுக்குச் சுமார் 1,000 லிட்டர் வேண்டும். வாரம் ஒருமுறை செல்பவரால் இதைக் கவனிக்க இயலாது. பேசியதை ஒரு தாளில் எழுதி, வெட்டும் முறைகளின் எண்ணிக்கையையும் குறித்து, இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளவும்.