சம்பளப் பட்டியலில் கை வையுங்கள்!

கேள்வி: 'ஃபுட்பால் மேனேஜர்' விளையாட்டில் சின்ன கிளப் ஒன்றை நடத்துகிறேன். பாதி சீசனிலேயே பணம் தீர்ந்துவிடுகிறது. எதிரணியும் சுலபமாகக் கோல் போடுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திருச்சுழி

பதில்: உங்கள் பணத்தைத் தின்பது வாரச் சம்பளம். வீரரின் விலையை ஒருமுறை கொடுத்தால் தீர்ந்தது. சம்பளம் ஒப்பந்தம் முடியும்வரை விடாது. கண்மாய் நிறைந்திருக்கிறதே என்று எல்லா மடையையும் திறந்தால் கதிர் முற்றும்போது என்ன ஆகும் என்று திருச்சுழிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? பெஞ்சைத் தேய்த்தே சம்பளம் வாங்குபவர்களை முதலில் லோனில் அனுப்புங்கள். சம்பளத்தில் பாதியையாவது அவர்களை வாங்கிக்கொள்ளும் கிளப்பின் தலையில் கட்டுங்கள். ஆள் தேவையென்றால் ஒப்பந்தம் முடிந்த வீரர்களைத் தேடுங்கள். அவர்களுக்கு விலையே கிடையாது.

நட்சத்திரத்தை விற்கலாம், ஆனால் மாற்று ஆளைக் கண்டுபிடித்த பிறகு. நிஜக் கால்பந்தில் ஓர் உதாரணம்: கோவையைக் களமாகக் கொண்டு 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி அணியில் 21 கோல் போட்டவர் பெட்ரோ மான்சி. 2020இல் அவர் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார். சென்னை சிட்டிக்கு மறுபடி பட்டம் கிடைக்கவில்லை.

கோல் வாங்குவதைத் தடுக்க எதிரணி அறிக்கையில் இரண்டே விஷயம் பாருங்கள்: கோல்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன, கடைசிப் பாஸ் யாருடையது? அந்த ஒருவரை ஒட்டியே நிற்கச் சொல்லுங்கள். பந்து அவருடைய பலவீனமான காலுக்கே போகட்டும். பதினொரு பேருக்கும் தனித்தனிக் கட்டளை போட்டால், குழம்புவது உங்கள் ஆட்கள்தான்!