பழைய அட்டவணையும் தச்சரின் கையும்

கேள்வி: ஜி.எஸ்.டி. சாலை விபத்தில் தச்சு வேலை பார்க்கும் என் கணவருக்கு (வயது 42) வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. நஷ்டஈடு ஏதோ பழைய அட்டவணைப்படிதான் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?
- வாசகி, மேற்கு தாம்பரம்

பதில்: இல்லையம்மா. ஆனால் அந்தப் பயம் ஒரு காலத்தில் நியாயமானது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்த்த இரண்டாம் அட்டவணை, ஆண்டு வருமானம் 40,000 ரூபாய் என்ற உச்சவரம்போடு 2018 வரை அப்படியே கிடந்தது. விலைவாசிக்கு ஏற்ப மாற்ற மத்திய அரசுக்கு அதிகாரம் இருந்தும் மாற்றவில்லை. திருத்துங்கள் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. உழைத்துச் சாப்பிடும் குடும்பங்களுக்கு இழைத்த அநீதி அது.

விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாய நீதிபதிக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே வழிகாட்டி. சரளா வர்மா (2009) தீர்ப்பின்படி 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கெண் (ஆண்டு வருமான இழப்பைப் பெருக்கும் எண்) 14. பிரணய் சேத்தி (2017) தீர்ப்பின்படி, சுயதொழில் செய்யும் இந்த வயதுக்காரரின் வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்காக 25 சதவீதம் கூட்ட வேண்டும். உயிரிழப்பு வழக்குகளின் ஈமச்செலவு போன்ற தொகைகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்த்தவும் அதுவே வகைசெய்தது.

உங்களுக்கு முக்கியமானது ராஜ்குமார் (2011) தீர்ப்பு. டாக்டர் எழுதும் ஊனச் சதவீதம் வேறு, சம்பாத்திய இழப்பு வேறு. கையை இழந்த குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம். தச்சருக்கோ இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம் என்று அது விளக்கியது. உளியைப் பிடிக்க முடிகிறதா, இழைப்புளியைத் தள்ள முடிகிறதா என்பதைச் சாட்சியத்தில் விரிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் வசிக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.