சிவந்து காயும் புகைக்குழாய்: காரணம் அறியும் முறை

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் பழைய நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையை அடைகிறது. கடைத்தெருக்களின் நெரிசலில் வாகனங்கள் தாழ்ந்த கியரில் ஊர்ந்தே செல்லவேண்டியிருக்கிறது. பாறசாலையிலிருந்து வெள்ளறடை நோக்கித் திரும்பினாலோ, ரப்பர்த் தோட்டங்களினூடே ஏற்றமும் இறக்கமுமாகச் சாலை நீள்கிறது. ஊர்தலும் ஏறுதலுமாகிய இவ்விரு சோதனைகளும் எஞ்சினின் மறைந்த கோளாறுகளை வெளிப்படுத்தக்கூடியவை. டர்போ பொருத்திய மிகுதிறன் கார்களில் கோளாறு முதலில் தோன்றும் இடங்களுள் ஒன்று புகைக்குழாய். அது அளவுக்கு மீறிக் காய்கிறது. சில வேளைகளில் சிவந்தும் ஒளிர்கிறது.

இதனைப் புகைக்குழாயின் நோயாகக் கருதிக் குழாயை மட்டும் மாற்றுவது பொதுவாகக் காணப்படும் பிழையாகும். புகைக்குழாய் பெரும்பாலும் செய்தி கொண்டுவரும் தூதனே. நோய் எஞ்சினில் இருக்கிறது. காரணத்தை நீக்காமல் பொருத்திய புதிய உறுப்பும் விரைவில் அதே கதியை அடையும்.

வெப்பம் செல்லும் வழி

ஒரு லிட்டர் பெட்ரோல் முற்றிலும் எரிந்தால் சுமார் 7,600 கிலோகலோரி வெப்பம் வெளிப்படும். இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு குளிர்நீருக்கும், மற்றொரு பங்கு புகைக்கும் செல்கிறது. வேலையாகும் பங்கு குறையுமானால் மற்றப் பங்குகள் பெருகியே தீரவேண்டும். விறகடுப்பில் தீ பானையின் அடியில் எரியாமல் வெளியே நீண்டால், பானை கொதிக்கத் தாமதமாகும். அடுப்பின் வாயோ காய்ந்துவிடும். எஞ்சினிலும் அவ்வாறே நிகழ்கிறது.

இந்நிலை ஏற்படுவதற்கு முக்கியமான காரணங்கள் நான்கு. முதலாவது, தீப்பொறி தாமதமாக எழுதல். புகை வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்துகொண்டிருப்பதால், தீ குழாய்க்குள் செல்கிறது. இரண்டாவது, பெட்ரோல் குறைந்து காற்று மிகுதல். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது முழு எரிதலுக்குரிய அளவு. டர்போ எஞ்சின் முழுச் சுமையில் இயங்கும்போது, வெப்பத்தைத் தணிக்கவே பெட்ரோல் சற்று மிகுதியாக ஊட்டப்படுவதுண்டு. இன்ஜெக்டர் அடைபட்டாலோ, பம்பின் அழுத்தம் குறைந்தாலோ அந்தப் பாதுகாப்பு அற்றுப்போகிறது.

மூன்றாவது, ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறுதல். எரியாத பெட்ரோலும் காற்றும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எனப் பட்டறைகளில் வழங்கும் வினையூக்கிப் பெட்டியை அடைந்து அங்கே எரிகின்றன. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்ட தேன்கூடு போன்ற உட்பகுதி சுமார் 300 டிகிரி செண்டிகிரேடில் நன்கு வேலை செய்யத் தொடங்கும். 1,000 டிகிரியைக் கடந்தால் அது கெடும். மேலும் காய்ந்தால் உருகும். நான்காவது, அவ்வாறு உருகியோ உடைந்தோ புகைவழி அடைபடுதல். வெளியேற வழியற்ற புகை எஞ்சினிலேயே தேங்குவதால், திறன் குன்றி எஞ்சினும் காய்கிறது. ஒரு கோளாறு மற்றொன்றைப் பெற்றெடுப்பதை இங்கே காணலாம்.

கண்ணால் அறியத்தக்கவை

இரும்பு ஏறக்குறைய 600 டிகிரியில் மங்கிய சிவப்பாகவும், 800 டிகிரியில் பளிச்சென்ற சிவப்பாகவும், 900 டிகிரிக்கு மேல் செம்மஞ்சளாகவும் தோன்றும். நெடிய ஏற்றத்தில் முழுத் திறனுடன் ஓடிய டர்போ எஞ்சினின் பன்முகக் குழாய் சிறிது சிவத்தல் இயல்பே. சமநிலத்தில் மெதுவாகச் செல்லும்போதோ, நின்றுகொண்டே இயங்கும்போதோ சிவந்தால் அது கோளாறாகும்.

எவ்விடம் சிவக்கிறது என்பதும் நோக்கத்தக்கது. எல்லாச் சிலிண்டர்களின் குழாய்களும் ஒருங்கே சிவந்தால் தீப்பொறித் தாமதம், கலவைக் குறைவு, புகைவழி அடைப்பு ஆகியவற்றை ஐயுறலாம். வினையூக்கிப் பெட்டி மட்டும் சிவந்தால் எரியாத பெட்ரோல் அங்கே சேர்கிறது எனக் கொள்ளலாம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னுவதும் இதற்கே அறிகுறி. அப்போது பாதுகாப்பான இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

சோதனையின் வரிசை

முதலில் உரிமையாளரை வினவுதல் வேண்டும். கோளாறு எப்போது தொடங்கியது? அதற்குமுன் பிளக், கம்பி, சைலென்சர் ஏதேனும் மாற்றப்பட்டதா? திறனைக் கூட்டுவதற்காகக் கணிப்பொறியின் அமைப்பு திருத்தப்பட்டதா? இவ்வினாக்களே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, வாகனத்தின் கணிப்பொறியில் பதிவான குறிகளைப் படிக்கவேண்டும். பி 0301 என்பது முதல் சிலிண்டரிலும், பி 0302 இரண்டாவதிலும் தீ தவறுவதைக் குறிக்கும். குறியைக் கண்டவுடன் உறுப்பை மாற்றிவிடலாகாது. முதல் சிலிண்டரின் மின்சுருளை இரண்டாவதிற்கு மாற்றிப் பொருத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியும் இரண்டாவதிற்கு மாறினால் சுருளே குற்றவாளி. மாறாவிடில் பிளக், இன்ஜெக்டர், அழுத்தம் என்ற முறையில் மேலே செல்லலாம். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் என்பது ஆய்வுக்கூடத்திற்கும் பட்டறைக்கும் பொதுவான விதியாகும்.

கழற்றிய பிளக்கின் முனை வெண்மையாகக் கொப்புளித்திருந்தால் மிகுவெப்பம்; கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி; பெட்ரோலில் நனைந்திருந்தால் தீ பற்றவில்லை; எண்ணெய் படிந்திருந்தால் பிஸ்டன் வளையம் அல்லது வால்வு தேய்வு என அறியலாம்.

புகைவழி அடைப்பை அறிய வெற்றிட மானி உதவும். எஞ்சினை 2,500 சுற்றுகளில் நிறுத்திவைக்கும்போது மானியின் முள் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே சென்றால் அடைப்பு உண்டு.

பழைய பட்டறைப் பழக்கம் ஒன்று இங்கே எச்சரிக்கைக்குரியது. எஞ்சின் ஓடும்போதே பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்து, எந்தச் சிலிண்டர் பலவீனமானது என அறிவது முன்னைய முறை. இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கிப் பெட்டி கட்டாயமாக்கப்பட்டது. இப்போது எங்குமே அது உண்டு. இத்தகைய கார்களில் கம்பியை இழுத்தால், சோதனையே எரியாத பெட்ரோலைப் பெட்டிக்கு அனுப்பி அதைக் கெடுக்கும், மின்னதிர்ச்சியும் நேரலாம்.

உயிருக்கும் தோட்டத்திற்கும் காவல்

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரையில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். தரையில் தடித்துக் கிடக்கும் அச்சருகின்மேல் காய்ந்த புகைக்குழாயுடன் காரை நிறுத்துவது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். குழாய் மங்கிய சிவப்பை அடையுமுன்னரே சருகைப் பற்றவைக்கப் போதிய வெப்பத்தைப் பெற்றுவிடுகிறது. எனவே தார்ச்சாலையிலோ வெறுந்தரையிலோ மட்டுமே நிறுத்தவேண்டும். சிவந்த குழாயில் நீர் ஊற்றலாகாது. வார்ப்பிரும்பு வெடிப்பதுடன் ஆவியும் சுடும். எஞ்சின் ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தலும் கூடாது. அழுத்தத்திலுள்ள கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச்செய்யும்.

ஆசிரியர்கள் இருட்டறையில் இரும்புக் கம்பியொன்றை இடுக்கியால் பற்றிப் பர்னர்ச் சுடரில் காட்டி, நிறம் மாறுவதை மாணவர் காணச் செய்யலாம். நிறத்தால் வெப்பத்தை மதிப்பிடக் கற்ற மாணவன், பின்னாளில் சாலையோரத்தில் சிவந்து நிற்கும் குழாயைக் கண்டால் அஞ்சவும் மாட்டான். அலட்சியம் செய்யவும் மாட்டான். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, காரணத்தைத் தேடத் தொடங்குவான்.