கடைக்கு இடமும் தரகர் தேர்வும்

சென்னையில் கோடவுன் தெருவிலோ உஸ்மான் சாலையிலோ கடை வைக்க இடம் தேடுகிறவர், தரகரை நாடுவதற்கு முன்னால், வேண்டிய பரப்பு எவ்வளவு, மாத வாடகை எதுவரை கட்டுப்படியாகும், சரக்கு வண்டி வாசல்வரை வரவேண்டுமா, மும்முனை மின்சாரம் அவசியமா என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது உசிதம். தம் தேவையைத் தாமே நிச்சயிக்காதவருக்கு, வெகுகாலமாக விலைபோகாமல் கிடக்கும் இடத்தையே தரகர் தலையில் கட்டிவிடுவார்.

பிறகு அந்தத் தெருவுக்கே போய், சமீபத்தில் கடை திறந்தவர்கள் இரண்டொருவரிடம், யார் மூலம் இடம் அமைந்தது, பிற்பாடு தகராறு வந்தபோது அவர் முகங்கொடுத்தாரா என்று விசாரிக்க வேண்டும். வீடு பிடித்துத் தருவதில் கெட்டிக்காரர் கடை விஷயத்திலும் அப்படியே இருப்பார் என்று எண்ணுவதற்கில்லை.

விலைக்கு வாங்குவதானால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவுபெற்ற திட்டங்களில் விற்பனைக்குத் தரகு செய்பவர் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்; அந்த எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கலாம். வாடகைத் தரகுக்கு இந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆதலால் பதிவெண்ணைப் பெரிதாக அச்சிட்ட விசிட்டிங் கார்டை நீட்டுகிறார் என்பதற்காக வாடகைத் தரகரிடம் விசேஷ நம்பிக்கை கொள்ளக் காரணமில்லை.

மனிதரைப் பரீட்சிக்க உகந்த சமயம், முதன்முதலாக இடத்தைக் காட்ட அழைத்துப் போகும் வேளைதான். முன்பிருந்தவர் ஏன் காலி செய்தார், மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்கிறதா வர்த்தகக் கட்டணத்தில் இருக்கிறதா, சொல்லும் சதுர அடி நான்கு சுவருக்குள் அடங்கிய தரையா அல்லது மாடிப்படியும் லிஃப்டும் நடையும் சேர்ந்த ‘சூப்பர் பில்ட் அப்’ கணக்கா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 1,000 சதுர அடி என்று வாடகை பேசிய இடத்தில் டேப் பிடித்து அளந்தால் 700 மட்டுமே தேறுவதும் உண்டு. கேட்குமுன்பே இந்த வித்தியாசத்தைச் சொல்லுகிற தரகர் கிடைத்தால் அவரை விட்டுவிடலாகாது. “பதினொரு மாதத்துக்கு எழுதிக்கலாம் சார், எல்லாரும் அப்படித்தான்” என்பவரிடமோ ஜாக்கிரதை வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதிவுச் செலவை மிச்சம்பிடிக்கும் இந்தப் பதினொரு மாத யுக்தி, அலமாரிக்கும் பெயர்ப்பலகைக்கும் லட்சக்கணக்கில் போடப்போகிற வியாபாரியை அடுத்த ஆண்டே உரிமையாளரின் தயவில் நிறுத்திவிடும்.

இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவது இத்தொழிலில் சகஜம். அதை நான் குற்றமாகச் சொல்லேன். ஆனால் எதிர்த்தரப்பிலும் வாங்குகிறாரா என்று நேராகக் கேட்டு, வாடகை பேரம் பேசும் பொறுப்பை அதற்கேற்ப நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாத வாடகையோ வேறு தொகையோ, பேசியதைத் தாளில் எழுதிக்கொள்வதும், முன்பணத்தைத் தரகர் கையில் கொடாமல் உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவதும் நலம். வில்லங்கச் சான்றையும் கட்டட அனுமதியையும் தரகர் சொல்லை நம்பாமல் வழக்கறிஞரிடம் காட்டவேண்டும். கமிஷனில் பாதியை ஒப்பந்தம் கையெழுத்தானதும், மீதியைப் பத்திரம் பதிவாகிச் சாவி வந்ததும் தருவதாகச் சொல்லிப் பார்க்கலாம். அனுபவமுள்ள தரகர்கள் பெரும்பாலும் இதற்கு ஆட்சேபிப்பதில்லை.