கணினி திறக்கவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் இதைப் படியுங்கள்



சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்துக் கணினி திறக்க மறுத்துவிட்டது. ரமளானில் ஜகாத் பகிர்வதற்காக வந்த விண்ணப்பங்கள், விதவைச் சகோதரிகளின் மாத உதவிப் பட்டியல், மாணவர் உதவித்தொகைக் கணக்கு ஆகிய மூன்றும் அதற்குள்தான் இருந்தன. பேரேட்டில் கையால் எழுதும் வழக்கத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டோம். தனியே எடுத்து வைத்திருந்த நகலோ எட்டு மாதம் பழையது.

அன்று நடந்ததையும் அதிலிருந்து நாங்கள் கற்றதையும் இங்கே பாடமாக எழுதுகிறேன். பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கணக்கு, நிக்காஹ் புகைப்படங்கள் என்று எல்லா வீட்டிலும் ஒரு கணினிக்குள் ஏதோ ஓர் அமானிதம் இருக்கத்தான் செய்கிறது.

நடந்தது என்ன?

கணினியின் சி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியது. டி டிரைவில் இடம் நிறைய இருந்தது. நமக்குத் தன்னார்வமாக உதவும் கல்லூரித் தம்பி ஒருவர், டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சியோடு சேர்க்கலாம் என்று இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டார். அதில் பெயரும் எழுத்தும் இல்லாத இரண்டு சிறு பகுதிகள் தெரிந்தன. ஒன்று 100 எம்பி, இன்னொன்று 500 எம்பிக்குச் சற்று மேல். வீணாகக் கிடக்கும் இடம் என்று எண்ணி இரண்டையும் நீக்கிவிட்டார். மறுபடி ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று ஒரே வரி வந்தது.

கடைக்குப் போன் செய்தோம். கடைக்காரர் கணினியைப் பார்க்காமலேயே, "ஃபார்மட் பண்ணி புது விண்டோஸ் போட்டுத் தரேன் பாய், ஒரு மணி நேரம்தான்" என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். கணினியைத் தூக்கும் நேரத்தில், ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நம் மஹல்லாச் சகோதரர் தொழுகை முடிந்து உள்ளே வந்தார். "ஹழ்ரத், உள்ள இருக்குறது எதுவும் போகல. ஃபார்மட் பண்ணினாத்தான் போகும்" என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லின் விளக்கம்தான்.

பாகம் பிரித்த நிலம்

கணினியின் டிஸ்கை ஒரு நிலமாக எண்ணிக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் என்பது பாகப்பிரிவினை. எந்தப் பாகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு, டிஸ்கின் தொடக்கத்தில் ஒரு சிறு அட்டவணையாக இருக்கிறது. அதுதான் நிலத்தின் பத்திரம் போன்றது.

இந்த அட்டவணை இரண்டு வகை. பழைய வகை எம்பிஆர். டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள் அடங்கிவிடும். நான்கு முதன்மைப் பாகங்களுக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. புதிய வகை ஜிபிடி. விண்டோஸில் 128 பாகங்கள் வரை இதில் குறிக்கலாம். அதோடு அட்டவணையின் இன்னொரு நகல் டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். கடந்த பத்து ஆண்டுகளில் வாங்கிய கணினிகளில் பெரும்பாலும் இருப்பது ஜிபிடிதான்.

ஒரு பாகத்தை நீக்கினால் மாறுவது இந்த அட்டவணைதான். எல்லைக்கல்லைப் பிடுங்கியதால் வயலில் நிற்கும் பயிர் அழிந்துவிடாது. ஆனால் கல் இல்லாத நிலம் என்று வேறொருவர் வந்து உழுதுவிட்டால் பயிர் போய்விடும். ஃபார்மட் செய்வதும், புது விண்டோஸ் போடுவதும் அந்த உழவுதான்.

தம்பி நீக்கிய 100 எம்பி பகுதி, நிலத்தின் வாசல். அதற்கு இஎஃப்ஐ பகுதி என்று பெயர். கணினி ஆன் ஆனதும் முதலில் தேடுவது இதைத்தான். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் கோப்புகள் இதற்குள் இருக்கின்றன. மற்றது விண்டோஸ் பழுதானால் சரிசெய்வதற்கான ரெக்கவரி பகுதி. வாசல் போனதால் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. வீடும் சாமான்களும் அப்படியே இருந்தன.

முதல் படி: கையை எடுங்கள்

கணினியை அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதாலும், இணையத்தில் கண்ட கட்டளைகளை ஒவ்வொன்றாக முயல்வதாலும் நிலைமை மோசமாகலாம். டிஸ்கை வேறு கணினியில் மாட்டும்போது 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்றே பதில் சொல்லுங்கள். எஸ்எஸ்டி வகை டிஸ்காக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதை ஃபார்மட் செய்தால், வெற்றிடம் என்று குறிக்கப்பட்ட பகுதியை டிஸ்க் தானாகவே துடைத்துவிடக்கூடும். அதன்பின் மீட்பது மிக அரிது.

பிறகு, கணினியின் பயாஸ் திரைக்குள் போய் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டிலீட் விசையை அழுத்தினால் பல கணினிகளில் இந்தத் திரை வரும். பெயர் தெரிந்தால் டிஸ்க் பெரும்பாலும் வேலை செய்கிறது, கோளாறு அட்டவணையிலோ வாசலிலோ இருக்கலாம். தெரியாவிட்டால் கேபிள் கழன்றிருக்கலாம், டிஸ்கே பழுதாகியிருக்கலாம். அது வேறு வைத்தியம்.

இரண்டாம் படி: பொருளை வெளியே எடுங்கள்

வாசலைச் சரிசெய்யும் முன் பொருளைப் பத்திரப்படுத்த வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. பழுது பார்ப்பதில் தவறு நேர்ந்தாலும் நகல் கையில் இருந்தால் அச்சமில்லை.

இதற்குச் செலவு அதிகமில்லை. வேறொரு கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பதிவிறக்கி ஒரு பென்டிரைவில் ஏற்றுங்கள். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெற்றுப் பென்டிரைவையே பயன்படுத்துங்கள். அதைப் பழுதான கணினியில் செருகி, ஆன் செய்யும்போது பூட் மெனுவுக்கான விசையை அழுத்தினால் அதிலிருந்தே கணினி திறக்கும். அந்த விசை எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரும் திரையில் 'டிரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' என்பதைத் தொடவே கூடாது. இப்போது சி, டி இரண்டும் கோப்புறைகளாகத் தெரியும். வேண்டியவற்றை வெளி ஹார்ட்டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளலாம். சில நேரம் 'படிக்க மட்டும்' என்ற நிலையில் திறக்கும். நகலெடுக்க அது போதும்.

ஒரு தடை வரலாம். இன்றைய பல லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்திய கணினி என்றால் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். சாவி இல்லாமல் அந்தப் பூட்டை எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. ஆகவே இன்றே அதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

மூன்றாம் படி: வாசலைக் கட்டுங்கள்

நகல் கையில் வந்தபின், விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து அதிலிருந்து கணினியைத் திறங்கள். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் தேவை. அங்கே 'இன்ஸ்டால்' என்பதை விட்டுவிட்டு, 'ரிப்பேர்' என்ற வழியில் போய் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கொடுங்கள். சிறிய கோளாறுகள் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் கட்டளைத் திரையில் வேலை செய்ய வேண்டும். விவரம் அறிந்த ஒருவர் அருகில் இருக்கட்டும். எங்கள் கணினியில் செய்தது இதுதான். டிஸ்க்பார்ட் என்ற கருவியால், நீக்கப்பட்ட 100 எம்பி வெற்றிடத்தில் புதிதாக இஎஃப்ஐ பகுதி உருவாக்கி, அதை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, அதற்கு ஓர் எழுத்துக் கொடுத்தார் அந்தச் சகோதரர். பின்பு பிசிடிபூட் என்ற கருவியிடம், விண்டோஸ் கோப்புறை எங்கே இருக்கிறது, புது வாசல் எது என்று இரண்டையும் சொன்னார். தேவையான கோப்புகளை அது தானே எழுதிக்கொண்டது.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தத் திரையில் சி, டி எழுத்துகள் இடம் மாறித் தெரியலாம், அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' என்றொரு கட்டளை உண்டு. அது டிஸ்கின் எல்லாப் பாகங்களையும் ஒரே நொடியில் நீக்கிவிடும். யார் சொன்னாலும் அதைத் தட்டாதீர்கள்.

விண்டோஸோடு லினக்ஸும் வைத்திருந்த மாணவர்கள், லினக்ஸ் பாகத்தை நீக்கியதும் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற திரையில் மாட்டிக்கொள்வது உண்டு. புதிய கணினிகளில் பூட் மெனுவில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் விண்டோஸ் வந்துவிடும்.

பாகமே காணாமல் போனால்

சி அல்லது டியே மறைந்து வெற்றிடமாகக் காட்டினால், டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பழைய எல்லைகளின் தடயத்தை அது டிஸ்கில் தேடிப் பட்டியலிடும். அந்தப் பாகத்துக்குள் உள்ள கோப்புகளின் பெயர்களைக் காட்டச் சொல்லிப் பார்த்து, உங்கள் கோப்புகள்தான் என்று உறுதியான பிறகே அட்டவணையை எழுதச் சொல்ல வேண்டும். டிஸ்கில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் எதையும் முயலாமல் அணைத்துவிட்டு, தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

பட்டியலும் ஒரு மானம்

கடைக்குக் கொடுக்க நேர்ந்தால், "டேட்டா வேண்டும், ஃபார்மட் கூடாது" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். முடிந்தால் அருகிலேயே இருங்கள்.

எங்கள் கணினியில் இருந்தவை வெறும் எண்கள் அல்ல. வலது கையால் கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் உதவி பெறும் குடும்பங்களின் பெயர்கள் அவை. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, யார் பிள்ளைக்குக் கட்டணம் கட்டவில்லை என்பது ஒரு கடை மேசையில் திறந்து கிடந்திருக்கும். தகவல் அழிந்தால் ஒரு நஷ்டம். வெளியே போனால் அது அந்த மக்களின் மானம். அன்று கணினியைக் கொடுத்துவிட நான் சம்மதித்தபோது இது என் நினைவுக்கே வரவில்லை.

இனி என்ன செய்கிறோம்?

தம்பியின் தவறு என்று சிலர் சொன்னார்கள். அவர் நல்ல எண்ணத்தில் செய்தார், தெரியாமல் செய்தார். எட்டு மாதம் நகல் எடுக்காமல் விட்டது செயலாளராகிய என் தவறு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமானது என்பது மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எழுதியதைக் காப்பாற்றுவதும் அந்தக் கடமையில் சேர்ந்ததுதான்.

இப்போது ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னும் கணக்குகளை இரண்டு வெளி டிஸ்குகளில் கடவுச்சொல் பூட்டோடு நகலெடுக்கிறோம். ஒன்று அலுவலகப் பீரோவில், மற்றது பொருளாளர் வீட்டில். உதவிப் பட்டியலை மாதம் ஒருமுறை தாளில் அச்சிட்டுப் பூட்டி வைக்கிறோம்.

பார்ட்டிஷனை மாற்றும் தேவை உங்களுக்கு வந்தால் இவற்றை மறக்காதீர்கள்:

1. முதலில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்று வேறு கணினியில் சோதியுங்கள்.
2. டிஸ்கின் பாகங்கள் தெரியும் திரையைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள்.
3. பிட்லாக்கர் சாவியை எழுதி வைத்து, வேலை முடியும்வரை அந்தப் பூட்டை நிறுத்தி வையுங்கள்.
4. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டே வேலை செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போகக் கூடாது.
5. பெயரில்லாத சிறு பகுதிகளைத் தொடாதீர்கள்.
6. இடம் மட்டுமே பிரச்சினை என்றால், படங்களையும் வீடியோக்களையும் டிக்கு மாற்றினாலே பெரும்பாலும் போதும். பாகப்பிரிவினையே தேவைப்படாது.

அன்று இஷாவுக்குச் சற்று முன் விண்டோஸ் திறந்தது. ஒரு விண்ணப்பமும் குறையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். உபுண்டு பென்டிரைவும் விண்டோஸ் பென்டிரைவும் நம் அலுவலகத்தில் தயாராக இருக்கின்றன. தேவைப்படுவோர் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வந்து இலவசமாக வாங்கிச் சென்று திருப்பித் தரலாம். கணினி திறக்கவில்லை என்றால் கடைக்குப் போகும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காப்பவர்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்